பள்ளி விட்ட பின்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டத்தின் மேடையில், சிறுவர்களுக்கான கோடை முகாம்களையும் மாலை வகுப்புகளையும் பற்றிப் பேசுவது பொருந்துமா என்ற வினா சிலர் உள்ளத்தில் எழலாம். காப்பியமும் கவிதையும் பேச வேண்டிய இடத்தில் பள்ளிக் கணக்கு எதற்கு என்றும் தோன்றலாம். ஆனால், செட்டிநாட்டின் இலக்கிய வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்பவர்க்கு இவ்விரண்டும் வேறுவேறல்ல என்பது விளங்கும். இம்மண்ணில் தமிழ் வளர்த்த சான்றோர் பலரை வளர்த்தது பள்ளிக்கூடம் அன்று. பள்ளிக்கு வெளியே இருந்த பொழுது. அப்பொழுதை யார் காத்தார்கள், யாருக்காகக் காத்தார்கள், இனி யார் காக்கப் போகிறார்கள் என்பதே இவ்வுரையின் பொருள்.

முதலில் ஒரு சிறு கணக்கு. ஒரு பள்ளி ஆண்டுக்கு 200 முதல் 220 நாள்கள் நடைபெறுகிறது. நாள் ஒன்றுக்கு ஆறரை மணி நேரம் என்று கொண்டாலும், ஆண்டுக்கு 1,430 மணி நேரத்தைத் தாண்டாது. ஒரு சிறுவன் நாளொன்றுக்குப் பதினான்கு மணி நேரம் விழித்திருக்கிறான் என்றால், ஆண்டுக்கு 5,110 மணி நேரம் விழித்திருக்கிறான். ஆக, அவனுடைய விழிப்பு நேரத்தில் பள்ளி எடுத்துக்கொள்வது நான்கில் ஒரு பங்கைச் சற்றே மிகும், அவ்வளவுதான். எஞ்சிய பங்கில் அவன் எங்கே இருக்கிறான், யாரோடு இருக்கிறான், எந்தச் சொற்களைக் கேட்கிறான் என்பதைப் பற்றி எந்தப் பாடத்திட்டமும் கவலைப்படுவதில்லை. பள்ளி மணி அடித்த பின் விளக்கு வைக்கும் வரையுள்ள பொழுதும், சித்திரை வைகாசியின் நீண்ட விடுமுறையும் குழந்தையின் வாழ்வில் பெரும் பரப்பு. அதனை வெற்று நேரம் என்று எண்ணுவது பெரியவர்கள் செய்யும் பிழை.

செட்டிநாட்டுச் சான்றோர் வாழ்வை நோக்குவோம். மகிபாலன்பட்டியில் 1881இல் பிறந்த பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் திண்ணைப் பள்ளியில் பயின்ற காலம் ஓராண்டுகூட நிறையாது. இளமையிலேயே கால்கள் நோயால் நலிந்தன, ஊன்றுகோல் துணையாயிற்று. அந்நிலையில் அவருக்குத் தமிழையும் வடமொழியையும் தந்தவை புத்தகங்களும், ஐயம் தெளிவிக்க முன்வந்த பெரியோர்களும் ஆவர். சோழவந்தான் அரசஞ்சண்முகனாரிடம் அவர் ஐயம் தெளிந்த வரலாறு தமிழறிஞர் அறிந்தது. பள்ளி மறுத்ததைப் பெரியோர் தொடர்பு தந்தது. அந்த நன்றிக்கடன்போல, மேலைச்சிவபுரியில் 1909இல் சன்மார்க்க சபை தோன்றியபோது அதன் உயிர்நாடியாக நின்றார் அவர். பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராகவும், 1942இல் மகாமகோபாத்தியாயர் என்ற பட்டம் பெற்றவராகவும் விளங்கினார்.

அப்பெரியவர் தாம் பெற்றதைத் தம்மோடு நிறுத்திக்கொள்ளவில்லை. மேலைச்சிவபுரியில் 1917இல் பிறந்த ஒரு சிறுவர் இளமையிலேயே தாய் தந்தையரை இழந்தார். அக்காலத்து வழக்கப்படி தொழில் பழகப் பர்மாவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே முதலாளியின் பொருட்டுப் பொய் சொல்ல மறுத்ததால் வேலையை இழந்து ஊர் திரும்பினார் என்று அவர் வரலாறு கூறும். படிப்பு நின்றுபோன, வயதும் கடந்துபோன ஓர் இளைஞருக்கு எந்தப் பள்ளி கதவு திறக்கும்? பண்டிதமணியின் தொடர்பு கதவு திறந்தது. அவரே பின்னாளில் சங்க இலக்கியத்தையும் கம்பனையும் தொல்காப்பியத்தையும் துருவி ஆய்ந்த மூதறிஞர் வ.சுப. மாணிக்கனார்; மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். ஒரு பெரியவர் ஓர் இளைஞனுக்காக ஒதுக்கிய நேரத்தின் விளைவு இது. இதற்குக் கட்டடம் வேண்டியிருக்கவில்லை, ஆணை வேண்டியிருக்கவில்லை, கவனம் ஒன்றே வேண்டியிருந்தது.

காரைக்குடிக்கு வருவோம். இந்து மதாபிமான சங்கம் 1917இல் தொடங்கப்பெற்றது. அதனைத் தொடங்கியோருள் ஒருவராகிய ராய. சொக்கலிங்கனார் 1898இல் பிறந்தவர். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. இன்று கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயிலும் வயது. அந்த வயதினர் ஓரிடத்தில் கூடி, நூல் சேர்த்து, பேசி, வாதிட்டு, இதழ் நடத்திப் பழகினர். 1919இல் மகாகவி பாரதியார் காரைக்குடிக்கு வந்தபோது அவரை வரவேற்றுப் போற்றியது அச்சங்கம். அவரும் அச்சங்கத்தாரை வாழ்த்திப் பாடினார். ஒரு பெருங்கவிஞனை அவன் வாழும் காலத்திலேயே அடையாளம் கண்ட ஊர்கள் தமிழகத்தில் மிகச் சில. அச்சில ஊர்களுள் காரைக்குடி ஒன்றானதற்குக் காரணம் அங்கிருந்த செல்வம் மட்டுமன்று. மாலையில் கூடிப் படித்த இளைஞர் கூட்டம். அச்சங்கச் சூழலோடு நெருங்கிய தொடர்புடைய கம்பன் அடிப்பொடி சா. கணேசன் 1939இல் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். பங்குனி தோறும் காரைக்குடியில் தொடங்கி, அத்தத் திருநாளில் நாட்டரசன்கோட்டையில் கம்பன் நினைவிடத்தில் நிறைவுறும் விழா இன்றும் அதன் தொடர்ச்சி.

இவ்வரிசையில் இன்னும் இருவரை நினைத்துக்கொள்வது தகும். சிறுகூடல்பட்டியில் 1927இல் பிறந்த கவியரசு கண்ணதாசன் பள்ளியில் பயின்றது எட்டாம் வகுப்பு வரையே. அவர் தமிழுக்கு ஊற்றுக்கண் வகுப்பறை அன்று என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இராயவரத்தில் 1922இல் பிறந்த அழ. வள்ளியப்பாவோ வேறொரு வகையில் இவ்வுரையின் பொருளுக்கு மிக நெருங்கியவர். 'சக்தி' அலுவலகத்தில் சிறிது காலம் பணி. பிறகு இந்தியன் வங்கியில் நெடுங்காலப் பணி. பகலெல்லாம் வங்கிப் பேரேடு. அலுவல் முடிந்த பொழுதெல்லாம் குழந்தைகளுக்கான பாட்டு. குழந்தை எழுத்தாளர் சங்கம் 1950இல் அவரது முயற்சியால் உருவாயிற்று. குழந்தைக் கவிஞர் என்று நாடு அழைத்த அவர், பள்ளி விட்ட குழந்தைக்காகத் தம் அலுவல் விட்ட பொழுதை அளித்தவர். ஆசிரியரும் வங்கி ஊழியரும் வணிகரும் அரசு அலுவலரும் நிறைந்த இலக்கிய வட்டங்களுக்கு இதைக் காட்டிலும் அண்மையான முன்மாதிரி வேறில்லை.

இவ்வளவும் பெருமை. பெருமையைச் சொல்லி முடித்துவிட்டால் இவ்வுரை பாதி உண்மையாகவே நின்றுவிடும். மறுபாதியையும் சொல்ல வேண்டும். மேற்சொன்னோர் அனைவரும் ஆண்கள். அவர்களுட் பலர், அக்காலத்தில் புத்தகமும் பெரியோர் உறவும் எட்டும் தொலைவில் இருந்த குடும்பங்களைச் சார்ந்தவர்கள். அதே ஊர்களில், அதே வீடுகளில் வேலை செய்தோரின் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள்? அதே வளவில் வளர்ந்த பெண்பிள்ளைகள் மாலையில் என்ன கற்றார்கள்? ஆச்சிமார் பாடிய தாலாட்டிலும் ஒப்பாரியிலும் எத்துணைக் கவித்திறன் இருந்தது என்பதைத் தமிழுலகம் அறியும். ஆனால் அத்திறனுக்கு ஒரு சங்கத்தில் நாற்காலி இட்டதாகக் காண்பது அரிது. மாலைப் பொழுது எல்லோருக்கும் வந்தது. மாலைக் கல்வி சிலருக்கே வந்தது.

இந்தக் குறையை உணர்ந்த மற்றொரு மரபும் இம்மண்ணிலேயே உண்டு. காரைக்குடிக்கு அண்மையிலுள்ள சிராவயலில், இருபது வயதே நிரம்பிய இளைஞராக ப. ஜீவானந்தம் ஓர் ஆசிரமத்தில் பணியாற்றினார். சாதி வேறுபாடு பாராது பிள்ளைகள் ஒன்றாயிருந்து நூற்பதும் படிப்பதும் அங்கே நோக்கமாயிருந்தன. காந்தியடிகள் 1927இல் செட்டிநாட்டுக்கு வந்தபோது அங்குச் சென்று அவரைச் சந்தித்தார். அடுத்துள்ள புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991, 1992ஆம் ஆண்டுகளில் நடந்த அறிவொளி இயக்கம், பகலெல்லாம் வயலிலும் கல்லுடைக்கும் இடத்திலும் உழைத்த பெண்களுக்கு இரவில் எழுத்தறிவித்தது. சைக்கிள் ஓட்டவும் கற்றுத்தந்தது. அங்கே கற்பித்தவர்களுட் பலர் ஊதியம் பெறாத இளைஞர்கள். கற்றவர் மட்டுமன்றிக் கற்பித்தவரும் வளர்ந்தனர் என்பது அவ்வியக்கம் தந்த பாடம். மாலைக் கல்வி இளைஞர்க்குத் தரும் நன்மையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மறந்துவிடும் பாடமும் இதுவே.

அண்மைக் காலம் ஒரு பெருஞ்சோதனையைத் தந்தது. பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள குழந்தைகள் 2021 நவம்பர் முதல் நாளில்தான் மீண்டும் வகுப்பறை கண்டனர். இடைப்பட்ட பத்தொன்பது மாதங்களில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குக் கைப்பேசித் திரை வகுப்பறையாயிற்று. மற்றப் பிள்ளைக்கு எழுத்தே மறந்தது. அந்நிலையில் 2021 அக்டோபர் 27இல் 'இல்லம் தேடிக் கல்வி' என்ற திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. தெருவிலோ கோயில் மண்டபத்திலோ சமுதாயக் கூடத்திலோ வீட்டுத் திண்ணையிலோ, பள்ளி நேரத்துக்குப் பின் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம், இருபது பிள்ளைகள் போல, ஒரு தன்னார்வலர். பல்லாயிரக்கணக்கான பெண்கள் முன்வந்தனர். பலர் அத்தெருவிலேயே வாழ்பவர்கள்.

இத்திட்டம் பயன் தந்ததா என்பதை ஆய்ந்தோர் உண்டு. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ ஆகிய பொருளியல் அறிஞர்கள், தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து ஆராய்ந்தனர். பள்ளி மூடியதால் ஏற்பட்ட கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் மீண்டது என்றும், அவ்வாறு மீண்டதில் ஏறத்தாழ 24 விழுக்காடு இம்மாலை வகுப்புகளால் விளைந்தது என்றும் அவர்கள் கணித்தனர். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளே இவ்வகுப்புகளுக்கு மிகுதியாக வந்தனர் என்பதும் அவர்தம் முடிவு. இங்கே ஒன்றைக் கருதுதல் வேண்டும். கற்பித்தோர் பேரறிஞர் அல்லர், கூடமும் பெரிதன்று. நாள்தோறும், வீட்டுக்கு அருகே, பெயர் சொல்லி அழைக்கும் ஒருவர் இருந்தார். அதற்கே இத்துணைப் பயன்.

விடுமுறையைப் பற்றியும் உலகில் ஆய்வுகள் நடந்துள்ளன. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1982இல் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தைகளைக் கார்ல் அலெக்சாண்டர், டோரிஸ் என்ட்விசில் முதலானோர் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். பள்ளி நடக்கும் மாதங்களில் ஏழைப் பிள்ளையும் செல்வர் வீட்டுப் பிள்ளையும் ஏறத்தாழ ஒரே அளவில் முன்னேறுகின்றனர். கோடை விடுமுறையில்தான் இடைவெளி விரிகிறது என்பது அவர்கள் கண்டது. அவர்கள் பயன்படுத்திய அளவுகோல்களைப் பற்றிப் பின்வந்த ஆய்வாளர் சிலர் ஐயம் எழுப்பியுள்ளனர். இடைவெளியின் அளவைப் பற்றி இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. எனினும் விடுமுறை எல்லாப் பிள்ளைக்கும் ஒரே விடுமுறை அன்று என்பதை அறிய ஆய்வுகூட வேண்டுவதில்லை. ஒரு பிள்ளைக்குக் கோடை என்றால் பயணம், புத்தகம், நீச்சல். மற்றொரு பிள்ளைக்கு அது தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் காலம். அல்லது பட்டறையிலோ கடையிலோ கைவேலை செய்யும் காலம். செட்டிநாட்டுத் தெருக்களில் நடப்போர் இதைக் கண்ணாரக் காணலாம்.

நல்ல மாலை வகுப்பும் நல்ல கோடை முகாமும் இளையோர்க்கு அளிப்பவை யாவை? மூன்றைச் சொல்லலாம். முதலாவது, ஒழுங்கு. வியாழக்கிழமை ஐந்து மணி என்றால் வியாழக்கிழமை ஐந்து மணிக்குக் கதவு திறந்திருக்கும் என்ற உறுதி. வீட்டில் எதுவும் உறுதியாக இல்லாத பிள்ளைக்கு இந்த உறுதியே பெருஞ்செல்வம். இரண்டாவது, மதிப்பெண் இடாத ஒரு பெரியவர். பெற்றோர் எதிர்பார்ப்போடு கேட்கின்றனர். ஆசிரியர் தேர்வுக்காகக் கேட்கிறார். இரண்டும் இல்லாமல் கேட்கும் ஒரு செவி கிடைத்தால் பிள்ளையின் வாய் திறக்கிறது. மூன்றாவது, தன் கையால் முடித்த ஒரு செயல். ஒரு பாட்டு, ஒரு படம், ஒரு கையெழுத்து இதழ், ஒரு நாடகம், சிறிதாயினும் தன்னுடையது. பண்டிதமணிக்கும் மாணிக்கனாருக்கும் கிடைத்தவை இம்மூன்றே என்பதை எண்ணிப் பார்த்தால் விளங்கும்.

நன்மையைச் சொல்லும்போது போலியையும் பிரித்துக் காட்டுதல் கடமை. கோடை முகாம் என்ற பெயரில் அடுத்த ஆண்டுப் பாடத்தை முன்கூட்டியே திணிக்கும் வகுப்புகள் பெருகிவிட்டன. அவை முகாம் அல்ல, பள்ளியின் நீட்சி. கட்டணத்தால் வடிகட்டப்பட்ட முகாம்களில், முகாம் மிகத் தேவைப்படும் பிள்ளைக்கு இடமில்லை. இலக்கிய அமைப்புகள் நடத்தும் போட்டிகளும் குறையற்றவை அல்ல. பெரியவர் எழுதிக்கொடுத்த உரையைச் சிறுமி மனப்பாடம் செய்து, கைகளைப் பெரியவர்போல் வீசி ஒப்பிக்கிறாள்; அவை கைதட்டுகிறது; பரிசு வழங்கப்படுகிறது; நிழற்படம் எடுக்கப்படுகிறது. அவளுடைய சொல் ஒன்றேனும் அவ்வுரையில் இருந்ததா என்று எவரும் கேட்பதில்லை. முதற்பரிசு பெற்ற ஒரு பிள்ளை மகிழ்ந்து செல்ல, பரிசு பெறாத நாற்பது பிள்ளைகள் தமக்கும் தமிழுக்கும் தொடர்பில்லை என்று முடிவு கட்டிச் செல்கின்றனர். போட்டி ஆண்டுக்கு ஒருமுறை இருக்கட்டும். ஆனால் அது மட்டுமே இருந்தால் அது பயிர் செய்வது ஆகாது, விளைந்த கதிரைக் கொய்வது மட்டுமே ஆகும்.

செட்டிநாட்டில் ஒரு கோடை முகாம் எவ்வாறு அமையலாம்? வெளியூரிலிருந்து எதையும் தருவிக்க வேண்டியதில்லை. முகப்பு, வளவு, பட்டாலை, இரண்டாங்கட்டு என்று நீளும் வீடுகள் உள்ளன. அவற்றுட் பல ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கின்றன. திருமணத்துக்கும் படையலுக்கும் மட்டும் திறக்கின்றன. உரிமையாளர் இசைந்து ஒரு வளவைப் பத்து நாள் காலையில் திறந்துவிட்டால், கத்திரி வெயிலிலும் குளிர்ச்சியான வகுப்பறை ஆயத்தம். அவ்வீட்டையே பாடமாக்கலாம். தூணை எண்ணட்டும், முற்றத்தில் விழும் வெயில் மணிக்கு மணி எங்கே நகர்கிறது என்று கரிக்கோட்டால் குறிக்கட்டும், ஒவ்வொரு பகுதியின் பெயரையும் அங்கிருந்த பொருளின் பெயரையும் முதியவரிடம் கேட்டு எழுதட்டும். பத்து நாளில் ஒரு சிற்றகராதி உருவாகும். அச்சொற்களுட் பல எந்த அகராதியிலும் ஏறாதவையாக இருக்கக்கூடும்.

ஒருநாள் ஆத்தங்குடிக்குச் செல்லலாம். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, வண்ணக் குழம்பைக் கைத்திறத்தால் ஊற்றிக் கோலம் வரைந்து, மேலே மணலும் சிமெண்டும் இட்டு, உலர்த்தி, நீரில் ஊறவைத்து எடுக்கும் தளக்கல் தொழிலைப் பிள்ளைகள் பார்க்கட்டும். தகட்டிலிருந்து கல்லைப் பிரிக்கும்போது, தலைகீழாய் ஊற்றிய வண்ணம் பளபளப்பாய் மேலே வரும் அந்தக் கணத்தைப் பற்றி எழுதச் சொன்னால், எழுதாத பிள்ளை இராது. ஒருநாள் ஊரணிக் கரை. மழைநீர் எவ்வழி வந்து நிறைகிறது, வரத்துக்கால் எங்கே அடைபட்டது என்று நடந்து பார்த்து வரையட்டும். ஒருநாள் பனையோலைக் கொட்டான் முடையும் பெண்ணே ஆசிரியை ஆகட்டும். ஒருநாள் கீழடி; அங்கே 2023இல் திறக்கப்பெற்ற அருங்காட்சியகத்தில் பானை ஓட்டில் கீறிய பெயர்களைக் காணும் பிள்ளை, எழுத்து என்பது தேர்வுக்காகத் தோன்றியதன்று என்று உணரும். மற்றொரு நாள் ஒவ்வொரு பிள்ளையும் தன் பாட்டியிடம் ஒரு தாலாட்டையோ ஒரு விடுகதையையோ கேட்டு வரட்டும். வளவில் பிறந்த பாட்டியின் தாலாட்டும், வயலில் உழைத்த பாட்டியின் தாலாட்டும் ஒரே பாயில் அடுத்தடுத்துப் பாடப்படும் நாள், இம்மண்ணின் இலக்கிய வரலாற்றில் ஒரு பழங்குறை நீங்கும் நாள்.

இவை நடைபெறச் சில எளிய ஏற்பாடுகள் இன்றியமையாதன. பள்ளி விட்டு வரும் பிள்ளை பசியோடு வருகிறது. சுண்டலோ பொரிகடலையோ கொடுத்த பிறகே கவிதை. அடுத்த ஊர்ப் பிள்ளைக்குக் கடைசிப் பேருந்து எப்போது என்பதை அறிந்தே நேரம் குறித்தல் வேண்டும். இல்லையேல் பெண்பிள்ளைகள் வரமாட்டார்கள், வந்தவர்களும் நின்றுவிடுவார்கள். பெரியவர் ஒருவர் தனியே இருக்கும் அறையில் குழந்தையை விடலாகாது. எப்போதும் இருவர், அவருள் ஒருவர் பெண். கதவு திறந்தே இருத்தல் வேண்டும். பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கலாம் என்ற நிலை வேண்டும். கட்டணம் கூடாது. சேர்க்கைக்குப் பள்ளி மதிப்பெண்ணைக் கேட்கலாகாது. முகாம் பத்து நாளில் முடிந்தாலும், வாரம் ஒரு மாலை ஆண்டு முழுவதும் தொடர்தல் வேண்டும். தொடர்ச்சியற்ற முகாம் கோடை மழைபோல் மண்ணை நனைத்து மறைந்துவிடும்.

தமிழ்நாடு அரசின் கலை பண்பாட்டுத் துறையின் கீழ் ஜவகர் சிறுவர் மன்றங்கள் இசை, நடனம், ஓவியம் முதலியவற்றை விடுமுறை நாள்களில் கற்பிக்கின்றன. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் இல்லங்கள் அறிவியலைப் பள்ளிக்கு வெளியே கொண்டுசென்றன. ஆட்டத்துக்கு இடம் உண்டு; பாட்டுக்கு இடம் உண்டு; ஆய்வுக்கும் இடம் உண்டு. சொல்லுக்கு ஓரிடம் வேண்டாவா? அவ்விடத்தை அளிக்க வல்லோர் கவிஞர்களும் இலக்கிய வட்டங்களுமே அன்றி வேறு யார்?

இனி, கவிஞர் பெருமக்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று. தமிழகத்தின் இலக்கியக் கூட்டங்கள் பலவற்றிலும் ஒரு காட்சி பொதுவாகிவிட்டது. மேடையில் நரைத்த தலைகள். எதிரே நரைத்த தலைகள். பேசுவோரும் கேட்போரும் மாறி மாறி அமரும் வட்டமாக இலக்கிய வட்டம் சுருங்கிவிடும் அச்சம் உண்மையானது. இளைஞர்கள் வருவதில்லை என்ற குறை ஆண்டுதோறும் அறிக்கைகளில் இடம்பெறுகிறது. பத்தொன்பது வயதில் ஒருவர் சங்கம் அமைத்த ஊரில், இன்று பத்தொன்பது வயதினர் ஏன் வருவதில்லை? ஒன்பது வயதில் அவர்களுக்கு எவரும் கதவு திறக்கவில்லை என்பதும் ஒரு விடையாகலாம். சிறுவர்க்காகச் செய்யும் மாலைப்பணி ஈகை மட்டுமன்று. இலக்கிய வட்டம் தன் எதிர்காலத்துக்கு இடும் வித்தும் ஆகும். கவிஞருக்கும் அதில் பயன் உண்டு. புரியாத வரியைக் கேட்டு நாகரிகத்துக்காகத் தலையசைக்கும் பழக்கம் குழந்தைகளிடம் இல்லை. புரியவில்லை என்றால் சன்னலைப் பார்க்கும். அவ்வவையில் ஒரு கவிதை நின்றால், அது எவ்வவையிலும் நிற்கும்.

விழா மலர்கள் பெரும்பாலும் கடந்த காலத்தைத் தொகுக்கின்றன. தலைவர் பட்டியல், சொற்பொழிவாளர் பட்டியல், நூல் வெளியீடுகள் எல்லாம் அதில் இடம்பெறுவது முறையே. பதினோராம் ஆண்டு மலர் வெளிவரும்போது அப்பட்டியல்களோடு மற்றொரு பட்டியலும் சேருமானால் விழா பொருளுடையதாகும். வியாழக்கிழமை மாலைதோறும் வந்த பிள்ளைகளின் பட்டியல் அது. அதில் வளவு வீட்டுப் பெயரும் குடிசை வீட்டுப் பெயரும் அடுத்தடுத்து இருக்கட்டும். ஆண்பிள்ளைக்கு நிகராகப் பெண்பிள்ளையின் பெயர் இருக்கட்டும். அவர்களுள் ஒருவர் பண்டிதமணி ஆகாமல் போகலாம். குழந்தைக் கவிஞரும் ஆகாமல் போகலாம். தளக்கல் வார்ப்பவராகவோ பேருந்து ஓட்டுநராகவோ செவிலியாகவோ வாழலாம். ஆயினும் தம் சொல்லைக் கேட்க ஓர் அவை ஒருகாலத்தில் இருந்தது என்ற நினைவு அவர்களோடு இருக்கும். அந்நினைவுடையோர் தம் பிள்ளையின் சொல்லையும் ஒருநாள் இருந்து கேட்பார்கள்.

அதற்கு இன்று வேண்டுவது பெரும்பொருள் அன்று. ஒரு கூடம், ஒரு பாய், ஒரு பாத்திரம் சுண்டல், வாரத்தில் ஒரு மாலை, தவறாமல் வந்து கதவைத் திறக்கும் இருவர். பத்தாண்டு நிறைவு கண்ட வட்டத்தில் அவ்விருவர் இல்லாமற் போகார். அவர்கள் இவ்விழா முடிவதற்குள் எழுந்து பெயர் கொடுப்பார்களாக.